பேச்சு நிற்கக் கூடாது

ஊசியின் பிடியை லேசாகப் பின்னுக்கு இழுத்து, கண்ணாடிக் குழலுக்குள் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார் காம்பவுண்டர் குழந்தைவேல். வராவிட்டால்தான் விரலின் அடியில் மருந்தைத் தள்ளுவார். தள்ளும்போதே, "பேசுங்க" என்பார்.

"என்னத்தப் பேசறதுங்க?"

"எதையாச்சும். வாய் மட்டும் நிக்கக் கூடாது."

செம்மேட்டு மருந்துக் கொட்டகைக்கு மாதம் ஒருமுறை டோலியில் ஏறிவரும் டாக்டர், விரல் மரத்துப்போகும் ஊசியை மட்டும் அவருக்குப் பழக்கியிருந்தார். மருந்து ரத்தத்தில் கலந்தால் உதடு மதமதக்கும், நாக்குத் தடிக்கும், பேச்சுக் குழறும், அப்புறம் வலிப்புதான் என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து குழந்தைவேலுக்குத் தெரியாத குடும்பச் சண்டை கொல்லிமலையில் இல்லை. வாயே திறக்காத மிளகுக்காரர் ஒருவரை மாடுகளின் பெயரைச் சொல்ல வைத்தார். அவருடைய மாடுகள் நான்கோடு தீர்ந்துபோக, பக்கத்து வீட்டு மாடுகளைச் சொன்னார்.

முப்பத்தாறாம் வருஷம், ஒரு சந்தை நாள். குண்டனி நாட்டு அத்தாயி பெருவிரலில் சீழ் கட்டி வந்தாள். ஊசி இறங்கியது. அவளைப் பேசச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"எங்க நாத்தனா இருக்கறாளே, இருசாயி, எங்கூட்டுச் சேவல நரி தூக்கிருச்சுன்னு அழுதாளுங்க. ஆனா அன்னைக்கே..."

நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருக்க, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது.

"அம்மணி! உதடு மதமதங்குதா? நாக்கு தடிக்குதா?"

சீழைக் கீறக் குழந்தைவேல் எடுத்திருந்த கத்தி தரையில் விழுந்தது. அவளை பெஞ்சில் சாய்த்து நாடி பிடித்தார். ஓடுவது அவள் நாடியா தன் நாடியா என்று தெரியவில்லை. "ஆராச்சும் ஓடியாங்க!" என்று அலறினார்.

வாசலிலேயே ஒருத்தி கூடையோடு நின்றிருந்தாள். "ஏனுங்க, எங்க அண்ணிக்கு என்னங்க ஆச்சு?"

அத்தாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க சாமி. அவதான் இருசாயி. வந்து நின்னுட்டா, எப்பிடிச் சொல்றது?" என்று காதோடு சொன்னாள். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

குழந்தைவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அத்தாயியின் பெருவிரலில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். நன்றாக மரத்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க சந்தையப் பாத்துட்டு வாங்க" என்று இருசாயியை அனுப்பிக் கதவைச் சாத்தினார். கொதிநீரிலிருந்து வேறு கத்தியை எடுத்தார். முக்காலியை அத்தாயியின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம்... ஆனா அன்னைக்கே?"