பின்வாங்கிய இளவரசனும் ஜமால் பாயும்

நண்பர்களே, ஜமால் பாய் இறந்த செய்தி எனக்குக் கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேனராக வந்து சேர்ந்தது. குதிரைமேல் வாளை உயர்த்தியபடி இளவரசன் ஆதிரவர்மன். மூலையில் தபால்தலை அளவுக்கு ஜமால் பாய். ‘எங்கள் குலத்தோன்றலின் வீர வரலாற்றை எழுதிய பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கீழே எழுத்து. அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தவரை அவரை நிம்மதியாக விடாதவர்கள் வைத்த பேனர் அது.

ஆதிரவர்மன் என்று ஒருவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. செருப்புக்கடை வைத்திருந்த ஜமால் பாய், வியாபாரம் மந்தமான மதியங்களில் செருப்பு டப்பா மூடிகளில் எழுதி எழுதி உண்டாக்கிய ஆள் அவன். செங்கல்பட்டில் நான் வைத்திருந்த தட்டச்சுக் கடையில்தான் அந்த மூடிகள் நாவலாயின. படைத்தலைவனான அந்த இளவரசன், போருக்குக் கிளம்புமுன் வீரர்களின் கால்களைப் பார்ப்பான். “ஏன் பாய், வாளைப் பார்க்க மாட்டானா?” என்று கிண்டல் செய்தேன். “கால்ல கொப்புளம் கீறவன் எங்கம்மா சண்ட போடுவான்?” என்றார்.

பதினொன்றாம் அத்தியாயம் எழுதும்போது, என்னையும் மாமல்லபுரத்துக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்துக்கு அழைத்துப் போனார். கதையில், எதிரிக்குச் சோறு போட்ட குப்பத்தைக் கொளுத்தச் சொல்லி இளவரசனுக்கு அரசரின் ஆணை வருகிறது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுடுமணலில் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்க்கிறான். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அந்த மணல் எப்படிச் சுடும் என்று தெரிந்துகொள்ள, உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார் பாய். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, “யோவ் பாய், செருப்ப இன்னாத்துக்குக் கையில வச்சிகினு போற? காலு வெந்துடப் போவுது” என்று சத்தம் போட்டார்.

நாவல் நன்றாக ஓடியது. சில வருடங்கள் கழித்து, ஆதிரவர்மன் தங்கள் குலத்தவன் என்று சொல்லிக்கொண்டு நான்கு பேர் பாயின் கடைக்கு வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

“எங்க இளவரசர் பின்வாங்குனதா எழுதிக்கீற. அந்தப் பக்கத்த எடுத்துடு பாய்.”

“அவன் நான் உண்டாக்குன ஆளு, தம்பி. உங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல.”

“எங்க வரலாறு உனக்கு இன்னா தெரியும்?”

இப்படிக் கேட்டவன் பேசிக்கொண்டே ஒரு ஜோடி செருப்பைப் போட்டுப் பார்த்தான். பாய் குனிந்து பார்த்து, “கடிக்கும் தம்பி, ஒரு சைஸ் பெருசா எடு” என்றார்.

பாய் மசியவில்லை. பதிப்பகத்தார் மசிந்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நான்கு வரி சேர்த்தார்கள். இப்போது ஆதிரவர்மன் குப்பத்தைக் கொளுத்திவிட்டு வெற்றியோடு அரண்மனைக்குத் திரும்புகிறான். “என் பேர எடுத்திருந்தா கூடப் பரவால்லம்மா. அந்த ஜனங்கள மறுபடியும் நெருப்பாண்ட வுட்டுட்டாங்களே” என்றார் பாய். அதற்குப் பிறகு அவர் ஒரு மூடியிலும் எழுதவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர், இளவரசர் ஓர் அடிகூடப் பின்வைக்காதவர் என்று இதே மேடையில் முழங்கினார். நீங்களும் கைதட்டினீர்கள். பாய் எனக்கு விட்டுப்போனது அந்தப் பதினொன்றாம் அத்தியாயம்தான். முதல் பதிப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். நேரமாகிவிட்டது என்று யாரும் எனக்குச் சீட்டு அனுப்ப வேண்டாம். எழுந்து போகிறவர்கள் போகலாம். வாசிக்கிறேன்:

“பந்தங்களை மணலில் செருகி அணையுங்கள் என்றான் ஆதிரவர்மன். யாரும் அசையவில்லை. முதலில் தன் கையிலிருந்ததை அணைத்தான்.”