சமையல்காரர் விசாவில் ஓர் இங்கிலீஷ் பட்டதாரி

கப்பலுக்குக் காய்கறி விற்கிறவன் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார முடியாது. வாடிக்கையாளர் நடுக்கடலில் நிற்பார், நாம்தான் நூலேணியில் தொங்கிக்கொண்டு போக வேண்டும்.

எண்பதுகளில், துபாய்க்கு அந்தப் பக்கம், புஜைரா துறைமுகத்தில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். படித்தது பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இங்கிலீஷ் மெயினா? அப்ப வாத்தியாரா, கிளார்க்கா?" என்று கேட்பார். நாம் பதில் யோசிப்பதற்குள் பாயசத்துக்குத் திரும்பிவிடுவார். அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விமானம் ஏறியபோது பாளையங்கோட்டையில் என் மனைவி மல்லிகா பிள்ளைத்தாய்ச்சி. மகள் பிறந்த சேதி, ஒரு கேசட்டில் அழுகைச் சத்தமாக வந்து சேர்ந்தது. அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைப் போட்டுப் போட்டுக் கேட்பேன். அவர்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிவர வேண்டும். எனக்கு வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

அல் ஐனில் ஒரு வேலை வாய்ப்பு

ஜெபல் அலியில் கிடங்கு சூப்பர்வைசராக இருந்த அத்தான்தான் விசிட் விசாவில் என்னை வரவழைத்தார். "இங்கிலீஷ் படிச்சவனுக்கு இங்க என்ன குறை" என்று சொல்லி, அல் ஐனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பிரின்சிபால் அம்மாள் நான் பேசியதை ரசித்துக் கேட்டார். நல்ல உச்சரிப்பு என்றார். பிறகு பி.எட். இருக்கிறதா என்றார். இல்லை என்றதும் டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ வந்தால் வேலை இல்லை என்று அர்த்தம், அது எனக்கு ஊரிலேயே தெரியும்.

அன்று மதியச் சாப்பாடு அத்தானுக்குத் தெரிந்த ஓர் அக்கவுன்டன்ட் வீட்டில். அவர்களுடைய பையன் என்னிடம் இங்கிலீஷில் மழையாகப் பொழிந்தான். நான் நிதானித்துப் பதில் சொல்வதற்குள் மூன்று கேள்வி தாண்டிப் போய்விட்டான். என் வேலை தேடும் கதையைக் கேட்ட அந்த வீட்டு மாமி, கொஞ்சம் யோசித்து, மனசாரத்தான் சொன்னார்: "இவனுக்கு இங்கிலீஷ் தானா வந்துடுத்து. நீங்க வாரத்துக்கு ஒருநாள் வந்து தமிழ் சொல்லிக் குடுங்களேன்."

இண்டர்வியூ

விசிட் விசா முடியப் போகிற நேரத்தில் புஜைராவில் ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. அப்போது வளைகுடாவுக்குள் சண்டை. உள்ளே போகப் பயந்த கப்பல்கள் புஜைராவுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தன. கிடக்கிற கப்பலுக்கும் பசிக்குமே, அரிசியும் முட்டையும் கோஸும் படகில் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி அது. மேனேஜர் நடராசா யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் டிகிரி சான்றிதழை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர்கள் ஊரில் வாந்திக்குச் சத்தி என்று பெயர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "டிகிரி கிடக்கட்டும் தம்பி. கடலில சத்தி எடுப்பீரோ?"

விசா

வேலை கிளார்க் வேலை. விசா எடுத்துக் கொடுக்க வேண்டியவர் கம்பெனி முதலாளி. உள்ளூர் அரபிக்காரர், எங்கள் எல்லாருக்கும் அர்பாப். அவருடைய கம்பெனிக்குக் கிடைத்த கிளார்க் விசாக்கள் தீர்ந்து போயிருந்தன. மிச்சம் இருந்தது ஒரு சமையல்காரர் விசா.

அதை வாங்கிக்கொண்டால் வேலை உண்டு, ஆனால் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. சமையல்காரருக்குக் குடும்ப விசா கொடுக்க மாட்டார்கள். வாங்காவிட்டால் ஊருக்கு விமானம். நடராசா எனக்காக அர்பாபிடம் மன்றாடிப் பார்த்தார். என் டிகிரியை மேஜைமேல் விரித்துக் காட்டினார். அர்பாப் அதன் முத்திரையைத் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு இல்லாததையும் இருப்பதையும் இரண்டு விரலில் எண்ணிக் காட்டினார்: "கிளார்க் மாஃபி. குக் ஃபீ. யல்லா."

வானொலியில் என் இலக்கியம்

கப்பல்களைக் கூப்பிட்டு ஆர்டர் பிடிப்பது ரேடியோவில். பதினாறாம் சேனலில் பேசினால் நங்கூரத்தில் கிடக்கும் அத்தனை கப்பலும் கேட்கும், போட்டிக் கம்பெனிகளும் கேட்கும். அர்பாபும் தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, விருந்தாளிகளோடு காவா என்ற அரபிக் காப்பியைக் குடித்தபடி கேட்பார்.

முதல் நாள் ஒரு கொரியக் கப்பலைக் கூப்பிட்டேன். தங்களுக்குத் தேவையான உணவுப் பொருட்களை வழங்கும் பேறு எங்களுக்குக் கிட்டுமானால் பெருமகிழ்ச்சி அடைவோம் என்ற பொருள்பட, கல்லூரியில் கைதட்டல் வாங்கிய இங்கிலீஷில் பேசினேன். "சே அகெய்ன்" என்றார் கேப்டன். திரும்பச் சொன்னேன், இன்னும் நயமாக. "சே அகெய்ன்." நடராசா மைக்கைப் பிடுங்கினார். "கேப்டன், கேபேஜ் குட். சிக்கன் குட். டொமேட்டோ நோ குட். யூ வான்ட்?" உடனே "ஐ வான்ட்" என்று பதில் வந்தது. மைக்கை வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்: "நீர் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள மிச்சத் தக்காளியும் அழுகிப்போம்."

கிரேக்கக் கப்பலில் ரசம்

துறைமுக வாசலில் கொடுக்கும் பாஸிலும் விசாவில் உள்ள தொழிலையே போடுவார்கள். கழுத்தில் தொங்கிய அந்த அட்டைதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு கிரேக்கக் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோயிருந்தேன். அன்று காலைதான் அவர்களுடைய சமையல்காரரை வயிற்றுவலியோடு கரைக்கு இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கேப்டன் என் அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு வரவேற்பை என் டிகிரி எனக்கு எங்குமே வாங்கித் தந்ததில்லை.

விசா வேறு, வேலை வேறு என்பதை ஒரு கிரேக்கருக்கு எப்படி விளக்குவது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தேன். அவர் அடுப்படியைக் காட்டினார். வாக்கி டாக்கியில் நடராசாவைக் கூப்பிட்டால், "ரெண்டு நேரச் சாப்பாடுதானே, ஒரு மாசச் சாமான் எடுக்கிறான், சமாளியும்" என்றார்.

நான் சைவம். அங்கே ஓர் ஆட்டுத்தொடை கிடந்தது. அதைக் கும்பிட்டு ஐஸ்பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். எனக்கு வைக்கத் தெரிந்தது ரசம் ஒன்றுதான். புளி கிடையாது, வினிகர் ஊற்றினேன். மிளகை மட்டும் தாராளமாகத் தட்டிப் போட்டேன். கோஸை மிளகாய் கிள்ளிப் போட்டு வதக்கினேன். சூப் என்று நம்பி முதல் கிண்ணத்தைக் குடித்த சீஃப் இன்ஜினீயர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார். ராத்திரிக்கு அதையே சுடவைத்துக் கொடுத்தேன். கேப்டன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "டுமாரோ, எக். வாட்டர், ஃபயர், எக். யூ நோ டச்."

பதினாறாம் சேனல்

மறுநாள் காலை நான் கரைக்கு வந்து, ஆபீசில் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். ரேடியோ கரகரத்தது. அந்தக் கேப்டனின் குரல். எங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாக, கடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "யுவர் கேபேஜ் வெரி குட். யுவர் குக் வெரி பேட். ப்ளீஸ் நோ சென்ட் அகெய்ன்." வேறு எந்தக் கப்பலிலிருந்தோ யாரோ சிரித்தார்கள். நடராசா தலையில் கைவைத்துக்கொண்டார். வேலை போனது, விசா போனது, மல்லிகாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அர்பாபின் வண்டி வந்து நின்றது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த சபையில் அந்த ஒலிபரப்பை அவர் கேட்டிருக்கிறார். "இந்த ஆள் உங்கள் குக்கா?" என்று ஒருவர் கேட்டாராம். அர்பாப் வீட்டு விருந்துச் சாப்பாட்டுக்கு ஊரில் பெயர் உண்டு. என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். சமையல்காரர் என்ற முத்திரையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். எங்கேயாவது பேசி, எதையாவது கொடுத்து, இதை மாற்றியாக வேண்டும், இந்த அவமானம் தன் பெயரில் இருக்கக் கூடாது என்று நடராசாவிடம் அரபியில் பொரிந்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி, இந்தியும் அரபியும் கலந்து, முடிவாகச் சொன்னார்: "பாய், தும் கிளார்க். குக் மாஃபி. கலாஸ்."

அடுப்பாங்கரை

சில மாதங்களில் குடும்ப விசாவில் மல்லிகா வந்து இறங்கினாள். துபாய் விமான நிலையத்தில் மகள் என்னைப் பார்த்து அழுதாள். அது கேசட்டில் கேட்ட அதே அழுகை. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

புஜைரா வீட்டில் முதல் நாள். பயணக் களைப்பில் இருந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, நானே ரசம் வைக்கிறேன் என்று மிளகு டப்பாவைத் திறந்தேன். நடந்த கதையை முழுசாகக் கேட்டிருந்த மல்லிகா, குழந்தையை என் கையில் திணித்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள்: "விசாவுல கிளார்க்குன்னுதான அடிச்சிருக்கு? பொறவு எதுக்கு அடுப்பாங்கரைக்கு வாரீய?"

ஆகவே, இங்கிலீஷ் மெயின் எடுத்துவிட்டு என்ன செய்வதென்று முழிக்கும் சொந்தங்களே, மூன்று வருஷம் படித்த இலக்கியம் வாங்கித் தராத கிளார்க் பதவியை எனக்கு வாங்கித் தந்தது ஒரு குண்டான் ரசம்தான்.