உதயசூரியனின் நண்டு வலை

நரியன்திட்டு செல்வராணி பிறந்த ஊர் இல்லை. ஆனால் அவளுக்கு அந்நியமான ஊர் என்றும் சொல்ல முடியாது. அவளுடைய அப்பா ரத்தினவேல் அந்தத் திட்டில் பிறந்தவர்தான். கடல் தொழில் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று இளவயதிலேயே ஊரை விட்டுப் போய், கீரனூர்ப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கி, அங்கேயே பெண் கட்டி, ரகுநாத் என்று ஒரு மகனையும் இவளையும் பெற்றார். அவருடைய கூடப்பிறந்த அக்கா காத்தாயி. ஊரை விட்டுப் போகத் தம்பி வத்தைப் படகில் ஏறும்போதே, "ஒனக்குப் பொம்பளப்புள்ள பொறந்தா அது எம் மவன் உதயசூரியனுக்குத்தான், ஆமா" என்று சொல்லி அனுப்பியவள். சொன்னபடியே வாங்கியும் கொண்டாள்.

மணமேல்குடியிலிருந்து தெற்கே போய், ரோடு முடிகிற இடத்தில் நின்று பார்த்தால் திட்டு தெரியும். மூன்று பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் கடல். போகவும் வரவும் வத்தைதான். உப்பானாலும் அரிசியானாலும் அந்தச் சின்னப் படகில்தான் வர வேண்டும். கல்யாணமான புதிதில் செல்வராணி மீன் கூடையைக் கண்டாலே கழிப்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுப்பாள்.

"மீன் நாத்தம் ஆகாதவளுக்கு மீன்காரன் புருசன். இவ அப்பன் மூட்ட தூக்கப் போன ராசி, நமக்கு வந்து விடிஞ்சிருக்கு" என்று காத்தாயி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் மீனை அவள் கையில் கொடுக்கவில்லை. தானே அறுத்து, தானே கழுவினாள்.

கஜா புயல் அடித்த வருசம், அதுவரை திட்டுக்காரர்கள் கழியில் எறிந்ததெல்லாம் தண்ணீரோடு திரும்பி வந்து வீட்டுக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ஒருத்தர் வீட்டுச் சமையல்கட்டில் இன்னொருத்தர் வீட்டுப் பிய்ந்த செருப்பு. கூரை எரவாணத்தில் பால் பாக்கெட்டும் பழைய வலைக் கந்தையும் தொங்கின. பஞ்சாயத்து வண்டி கழியைத் தாண்டி வராது. மகளிர் குழுவை நடத்துகிற பரிமளா ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "வத்தையில வந்த சாமான் வத்தையிலயே திரும்பிப் போகணும். கழியில எவரு போட்டாலும் ஒரு சாக்குக் குப்பைய அவங்க தலையில வச்சு அக்கரைக்குக் கொண்டு போயி எறக்கணும்" என்றாள். ஊரும் ஒத்துக்கொண்டது.

முதலில் மாட்டியவர் ஊர்த் தலைவர் ஆத்மநாதன். பேரனுக்குக் கட்டிய டயாப்பரை விடியற்காலையில் கழியில் வீசியபோது பரிமளாவே பார்த்துவிட்டாள்.

"பரிமளா, நான் ஊர்த் தலைவன்த்தா."

"தலைவருக்கும் தலை இருக்குல்ல சித்தப்பா. குனிங்க, நானே தூக்கி வைக்கிறேன்."

அவர் சுமந்தார். அதற்குப் பிறகு கழியில் யாரும் எறியவில்லை.

வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வேண்டும் என்று வந்தபோது காத்தாயிதான் மருமகளின் பெயரைச் சொன்னாள். மீன் வேலை தெரியாதவள், சும்மாதானே இருக்கிறாள் என்று. செல்வராணி தள்ளுவண்டியை எடுத்தாள். மக்குகிறது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. மீன் செதிலும் குடலும் தென்னையடிக் குழிக்குப் போகும். ஷாம்பு பாக்கெட்டு, தெர்மோகோல் பெட்டி, பாட்டில் எல்லாம் தனித்தனிச் சாக்கில் கட்டி வத்தையில் ஏற்றினால், அக்கரையில் யாக்கூப் பாய் வந்து எடுத்துக்கொள்வார். பழைய சாமான் கடை வைத்திருப்பவர். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மீன் நாற்றத்துக்கு வாந்தி எடுத்தவளுக்குக் குப்பை நாற்றம் ஒன்றும் செய்யவில்லை. உதயசூரியன் அதைச் சொல்லியே கேலி செய்வான்.

போன ஐப்பசியில் உதயசூரியன் கடலில் போனான். கூடப் போன நல்லதம்பி படகின் பின்பக்கம் இருந்தான். முன்பக்கம் நின்று நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்த உதயசூரியன், நல்லதம்பி திரும்பிப் பார்க்கும்போது அங்கே இல்லை. வலை பாதி படகிலும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. நல்லதம்பி தேடினான், கரைக்குச் சொல்லி எல்லாப் படகும் போய்த் தேடியது. வலைதான் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை.

செல்வராணி அழவில்லை. அதை ஊர் முதலில் மெச்சியது, பிறகு முணுமுணுத்தது. அவள் அழக்கூடாது என்று இருக்கவில்லை. உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் வண்டியை எடுத்தாள். வாளிகளைக் கொட்டினாள். காத்தாயி தட்டில் போட்டதைத் தின்றாள். ஒரு நாள் காத்தாயி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டு, "சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டபோதுதான் உப்பில்லாததே அவளுக்குத் தெரிந்தது. மழை வந்தால் நனைந்தாள். யாராவது உள்ளே கூப்பிட்டால் போய் நின்றாள்.

உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு நரியன்திட்டில் ஒரு முறை உண்டு. ஒரு வருசம் காத்திருந்து, அதே மாதத்துப் பௌர்ணமியில், அவன் கை கடைசியாகப் பட்ட வலையை மடித்து, வேட்டியில் சுற்றி, உடலைப் போலக் கிடத்தி, எல்லாரும் தொட்டுவிட்டுக் கரைமணலில் புதைப்பார்கள். கரையேத்தம் என்று அதற்குப் பெயர். அன்றைக்குத்தான் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவாள். வலையும் இல்லை, உடலும் இல்லை என்றால் கரையேத்தம் இல்லை. அவன் தொழிலுக்குப் போயிருக்கிறான் என்றே கணக்கு. அவளும் அவன் வீட்டுக்காரியாக அங்கேயே இருப்பாள்.

கரையேத்தம் முடிந்ததும் தங்கையைக் கூட்டிப் போகத் தயாராக இருந்தான் ரகுநாத். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். புள்ளை குட்டி இல்லாதவளுக்கு அந்தத் திட்டில் என்ன இருக்கிறது என்பது அவன் கேள்வி. போனில் அவன் சொல்வதற்கெல்லாம் செல்வராணி, "சரிண்ணே" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கும் காத்தாயி தலை நிமிர மாட்டாள். கரையேத்தம் நடந்தால் மகனும் இல்லை, மருமகளும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பௌர்ணமிக்கு முந்தின வாரம், மழைக்கு முன்னால் செத்த வலைகளையெல்லாம் அள்ளிவிட வேண்டும் என்று பரிமளா குழு நாள் குறித்தது. கரையிலும் வேலியிலும் கழி ஓரத்திலும் கிடக்கிற பிய்ந்த நைலான் வலைகள். யாக்கூப் பாய் மூலம் அவை கயிறு செய்கிற கம்பெனிக்குப் போகும். ஆண்கள் இழுத்து வந்து கொட்டக் கொட்ட, செல்வராணி குப்பைக் கொட்டகையில் உட்கார்ந்து மிதவையை அறுத்து ஒரு பக்கம், ஈயத்தை அறுத்து ஒரு பக்கம் போட்டு, வலையைக் கட்டாகக் கட்டினாள். கட்டக் கட்ட மலையாகக் குவிந்தது.

மத்தியானம் போலக் காத்தாயி தலையில் ஒரு வலையைச் சுமந்து வந்து அவள் முன்னால் போட்டாள்.

"இதையும் அறு."

"சரிங்கத்தே."

காத்தாயி உடனே போய்விடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வராணி கத்தியை எடுத்தாள். வலையில் பிய்ந்த கண்ணெல்லாம் பச்சை நூலால் மூட்டப்பட்டிருந்தது. திட்டில் மற்றவர்கள் வெள்ளை நூலில் மூட்டுவார்கள். பச்சை நூலில் மூட்டுகிறவள் காத்தாயி மட்டும்தான். கண் அதைப் பார்த்தது. பார்த்தது உள்ளே போகவில்லை. மிதவையை அறுத்தாள், ஈயத்தை அறுத்தாள், மற்றவற்றோடு சேர்த்துக் காலால் மிதித்துக் கட்டினாள். கட்டி முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் காத்தாயி போனாள். மாலையில் கட்டுகளெல்லாம் வத்தை ஏறி அக்கரை போயின.

மறுநாள் ஆத்மநாதன் வீட்டுக்கு வந்தார். "காத்தாயி, வலைய எடுத்து வை. வேட்டி வாங்க ஆள் போகுது" என்றார்.

"வலை இல்ல. நேத்து குப்பைக்குப் போட்டுட்டேன்."

"எதை?"

"எம் மவன் வலையத்தான். பழைய வலையெல்லாம் போடுங்க போடுங்கன்னு மைக் வச்சுக் கத்துனீங்களே, போட்டேன்."

"புத்தி கெட்டவளே, அது ஒம் மவன் ஒடம்புடீ!"

"எம் மவன் ஒடம்ப எவன் பாத்தான்? நீ பாத்தியா?" என்று காத்தாயி கேட்டாள். அதோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் நின்ற செல்வராணி தன் கையைப் பார்த்தாள். கத்தி பிடித்த கை. அந்த மிதவைகளை ஒவ்வொன்றாக அறுத்தது இந்தக் கைதான் என்று நினைத்தாள். நெஞ்சு அடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது.

"இன்னிக்கி வெள்ளிக்கிழம. பாய் தொழுகை முடிஞ்சுதான் லோடு ஏத்துவாரு. இப்பவே போனாப் பிடிச்சுடலாம்" என்றாள் பரிமளா. போனவன் வலையை அடையாளம் சொல்ல வேண்டியது தாய் அல்லது தாரம். தாய் கதவைச் சாத்திவிட்டாள். நல்லதம்பி வத்தையைத் தள்ள, பரிமளாவும் செல்வராணியும் ஏறினார்கள். வழி முழுக்க நல்லதம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் மட்டும் கரைக்குத் திரும்பியதிலிருந்து, ஒரு வருசமாக அப்படித்தான்.

அக்கரையில் ரகுநாத் நின்றான். கரையேத்தத்துக்கு முன்கூட்டியே லீவு போட்டு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அத்தைக்குப் பைத்தியமா? ஒன்னைய அங்கிட்டே கட்டிப்போட வேல பாக்குது. தேடி எடு ராணி. முடிச்ச மறுநாளே கெளம்பிடலாம். ஒனக்கு வேல கூடப் பேசி வச்சிருக்கேன்."

"சரிண்ணே."

யாக்கூப் பாய் தொப்பியைக் கழற்றி மடித்தபடி வந்தார். வெயிலில் வலைக் கட்டுகள் குவிந்து கிடந்தன; பாதி ஏற்கெனவே லாரியில் இருந்தது. சேதியைக் கேட்டதும் பாய், லாரிக்காரனை எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

"பதறாதம்மா. ஒவ்வொண்ணாப் பாரு. மேல ஏத்துனதையும் எறக்கச் சொல்றேன். ஒன்னோட பொருள் ஒனக்குத்தான்."

செல்வராணி குவியலைச் சுற்றி நடந்தாள். நீல வலை, வெள்ளை வலை, பாசி பிடித்த வலை. ரகுநாத் அந்தப் பக்கம் ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். எதைத் தேட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, பரிமளாவுக்கும் தெரியாது. தெரிந்த நல்லதம்பி வத்தையோடு கரையிலேயே நின்றுவிட்டான். செல்வராணி குனிந்த இடத்தில், அவளே கட்டிய கட்டு ஒன்றின் இடுக்கில் பச்சை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். காத்தாயி போடுகிற இரட்டை முடிச்சு.

இதை எடுத்தால் கீரனூர். எடுக்காவிட்டால் திட்டு, வண்டி, வாளி, காத்தாயியின் சோறு. இரண்டையும் மனசில் வைத்துப் பார்த்தாள். எது வேண்டும் என்று அவளுக்குள் யாரும் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் காத்தாயி இப்போது உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

"என்ன ராணி, கெடச்சுதா?" என்று ரகுநாத் கேட்டான்.

அவள் நூலை உள்ளே தள்ளினாள். கட்டைத் தூக்கி லாரியின் மேல் நின்றவனிடம் நீட்டினாள்.

"இதுல இல்ல. ஏத்துங்க பாய்."

யாக்கூப் பாய் அவளைப் பார்த்தார். எத்தனையோ காலம் பழைய பொருளோடு புழங்கியவர். கட்டை ஏற்றும்படி மேலே கை காட்டினார். மீதிக் கட்டுகளையும் அவள் ஒழுங்காகப் புரட்டிப் பார்த்தாள், யாரும் குறை சொல்ல முடியாதபடி. கடைசியில் இல்லை என்றாள். பரிமளா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரகுநாத் கத்தினான், கெஞ்சினான், மாலைப் பஸ்ஸில் தனியாக ஏறினான். நல்லதம்பி மட்டும் வத்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வருசத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

திட்டில் இறங்கும்போது காத்தாயி தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

"கெடக்கலியா?"

"இல்லத்தே."

காத்தாயி வத்தையின் கயிற்றை வாங்கிக் கட்டினாள். பிறகு, "தலைவர் வீட்டுல கோழிக் கழிவப் பிளாஸ்டிக் பையோட கட்டி ஒன் வண்டியில வச்சிட்டாங்க. நாயி இழுத்துக் கொட்டகை முழுக்கப் போட்டிருக்கு. நான் வெரட்டி விட்டேன், அள்ளல" என்றாள்.

செல்வராணி கொட்டகைக்குப் போனாள். இறகும் குடலும் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. நடு வழியில் ஒருமுறை நின்றாள், அழுகை வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. வரவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பையை வேறாகவும் கழிவை வேறாகவும் பிரிக்க ஆரம்பித்தாள்.