வலப்பக்கத்துச் சில்லு

எங்கள் மகளின் கார் இரண்டே இரண்டு சீற் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். பழையதாக வாங்கியதுதான், ஆனாலும் மிட்வைஃப் வேலையில் சேர்ந்த பிறகு அவள் தன் உழைப்பில் வாங்கியது. நிலத்தோடு ஒட்டினாற்போல இருக்கும். அதற்குள் ஏற எனக்கு ஒரு ‘முருகா’ வேண்டும். இறங்க இரண்டு வேண்டும். தாயும் தகப்பனும் மகளுமாகச் சேர்ந்து கோயிலுக்குப் போக ஏலாத கார் என்ன கார் என்று நான் கேட்பேன்.

“நீங்களும் அம்மாவும் பஸ்ஸில வாங்கோ அப்பா, நான் முன்னால போய் உங்கட செருப்புக்கு இடம் பிடிக்கிறன்” என்பாள்.

அதை விற்றுப்போட்டு நாலு கதவு உள்ள ஒன்றை எடு பிள்ளை என்று இரண்டு வருசமாகச் சொன்னேன். கடைசியில் நான் அந்தக் கதையை எடுத்தாலே அவள் கோப்பையையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் அவளுக்கு வடக்கே மலைப்பக்கத்தில் வேலை கிடைத்தது. பண்ணை வீடுகளுக்கெல்லாம் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற வேலை. கார் இல்லாமல் செய்ய ஏலாது. அவளுடைய காரோ எஞ்சின் பின்சக்கரத்தை, பின்சில்லை, மட்டும் சுழற்றித் தள்ளுகிற கார். போன தை மாதம் இங்கே சட்டனில், எங்கள் தெருவின் சின்ன ஏற்றத்திலேயே, பனி கொட்டாத வெறும் குளிரிலேயே, வால் ஒரு பக்கமாக வழுக்கிப் பக்கத்து வீட்டாரின் குப்பை வாளியில் போய் முட்டியது. கோடைகால ரயர் குளிரில் மரக்கட்டை மாதிரி விறைத்துவிடுமாம். விண்டர் ரயரின் ரப்பர் மெதுமையானது, அதில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், ஈரத்தையும் பனியையும் அவைதான் பிடிக்கும். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நகரத்தின் மறுகோடியில், எட்மண்டனில், ஒருவர் அதே மாதிரிக் காரை விற்றுவிட்டு, விண்டர் ரயர் போட்ட நாலு சில்லுகளை மட்டும் வைத்திருந்தார். மகள் பேசி வாங்கிவிட்டாள். ஆனால் அதை மாட்ட கராஜில் இடம் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வரச்சொன்னார்கள். இவளுக்குத் திங்கட்கிழமை முதல் நாள் வேலை. ஞாயிறு காலை வெளிக்கிட வேண்டும். அன்று பின்னேரம் அந்தப் பக்கம் ஸ்னோ என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

“நான் மாட்டித் தாறன்” என்றேன்.

“நீங்களோ?”

“ஏன், இருபது வருசம் பெற்றோல் ஸ்டேசனில நிண்டனான்.”

“கவுண்டருக்கு உள்ள நிண்டனீங்கள் அப்பா.”

மனைவி அடுப்படியில் இருந்து சிரித்தாள். நான் விடவில்லை. அந்தக் காரைப் பற்றி இரண்டு வருசமாக ஒரு நல்ல சொல் சொல்லாதவன், இதையாவது செய்யவேண்டும் என்று மனம் சொன்னது. மகளுக்கும் வேறு வழியில்லை. சனிக்கிழமை அவளுக்குப் பழைய ஆசுபத்திரியில் கடைசி ஷிப்ட். ரயிலில் போய்விடுவாள், கார் வீட்டில் நிற்கும். எந்தப் போல்ட்டை எந்த ஒழுங்கில் இறுக்குவது என்று ஒரு தாளில் கீறித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் சிநேகிதர் ஒருவரின் வானில் எட்மண்டனுக்குப் போனேன். சில்லுகளை வைத்திருந்தவர் மலேசியத் தமிழர், ஏதோ ஒரு ஒஃபிசில் கணக்காளர். பின்சில்லு முன்சில்லைவிட அகலம், அதனால் முன் பின் மாறாது என்று காட்டினார். பிறகு இரண்டிரண்டாகப் பிரித்து வைத்தார்.

“இந்த ரெண்டும் டிரைவர் சைடு, வலது. இந்த ரெண்டும் இடது. ரயர்ல அம்பு போட்டிருக்கு பாருங்க அண்ணே, சில்லு ஓடுற திசை அது. பக்கம் மாத்திப் போட்டீங்கன்னா தண்ணிய வெளிய தள்ளாது, பிடி இருக்காது.”

நான் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, வலது இரண்டிலும் ‘வ’ என்றும் மற்ற இரண்டிலும் ‘தெ’ என்றும் எழுதினேன்.

“வ சரி. தெ என்னாங்க, தெற்கா?”

“தெய்வானை. மற்றது வள்ளி.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சாமி பேருல எழுதிட்டீங்க, இனிமே தப்பே வராது” என்றார்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். நான் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சாத்துப்படிக்கு உதவி செய்கிறவன். மாலைகளை அளவு பார்த்துப் பிரித்து ஐயரிடம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கோயிலில் வலம் இடம் என்றால் சுவாமிக்கு வலம், சுவாமிக்கு இடம். சுவாமிக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. முன்னால் நிற்கிற எனக்கு வள்ளி என் இடக்கைப் பக்கம் நிற்பா. ஐயர் ‘வள்ளி’ என்றால் என் இடக்கை தானாக நீளும். யோசிக்கிற வேலை அங்கே இல்லை.

சனிக்கிழமை காலையில் தேவாரம் படித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கினேன். கார் வீட்டுக்கு முன்னால், பின்புறம் எங்கள் வாசலைப் பார்க்க, மூக்குத் தெருவைப் பார்க்க நின்றது. நான் கதவைத் திறந்து சில்லுகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து அந்தந்த மூலையில் வைத்தேன். ‘வ’ இடக்கைப் பக்கம். ‘தெ’ வலக்கைப் பக்கம். கை தானாகவே வைத்தது.

கார் நிலத்தோடு பதிவாக இருந்ததால் காரைத் தூக்குகிற ஜக் அடியில் போகவில்லை. இரண்டு பலகையைப் போட்டு, அதன்மேல் காரை மெல்ல ஏற்றி, பிறகுதான் ஜக்கை நுழைக்க முடிந்தது. முதல் சில்லின் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் சில்லு வரவில்லை. துருப்பிடித்து ஒட்டியிருந்தது. நிலத்தில் இருந்து இரண்டு காலாலும் உதைத்தேன்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை போய் வாற வாகனத்தைக் காலால உதைக்கிறியளே?” மனைவி வாசலில் நின்றாள்.

“கையால வரேல்லையப்பா.”

“தொட்டுக் கும்பிட்டிட்டு உதையுங்கோ.”

நாலு சில்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு உதைத்தேன். அவள் தாளைப் பிடித்து ஒழுங்கு சொன்னாள்: ஒன்று, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. டோர்க் ரெஞ்ச் என்றொரு சாமான் மகள் வைத்திருக்கிறாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘ளக்’ என்று சொல்லும். ஒவ்வொரு ‘ளக்’குக்கும் மனைவி ‘ஓம்’ என்றாள். மத்தியானம் தாண்டும்போது முடித்துவிட்டோம். இடுப்பு, நாரி, நிமிரவில்லை.

பின்னேரம் மகள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். நல்லாக இருட்டிவிட்டது, போன் வெளிச்சத்தில் போல்ட்டுகளைத்தான் பார்த்தாள். “அப்பா, சத்தியமா நீங்களே செய்தனீங்கள்?” என்று என் தோளைக் கட்டிப் பிடித்தாள். அந்தக் காரின் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிடுவதாக ஏற்பாடு. போய்ச் சேரும் இடத்தில் வாடகை அறைச் சாவியை வைத்திருக்கும் மனுசி நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருக்கமாட்டா. எட்டரைக்கு நான் முழுகி, திருநீறு பூசி, சில்லுகளின் கீழே வைக்கத் தேசிக்காய் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மனைவி தட்டில் கற்பூரத்தோடு வந்தாள். மகள் உள்ளே புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பக்கத்து முன்சில்லின் கீழே ஒரு தேசிக்காயை வைத்துவிட்டு நிமிரும்போது ரயரின் உச்சியில் அந்த அம்பு தெரிந்தது. கூர், காரின் பின்பக்கத்தைப் பார்த்தது.

சில்லு முன்னுக்கு உருண்டால் உச்சி முன்னுக்குத்தானே போகவேண்டும்? கையைக் காற்றில் சுழற்றிப் பார்த்தேன். மற்றப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். நாலும் பக்கம் மாறி நின்றன.

“கொளுத்தட்டே?” என்றாள் மனைவி.

“பொறு.”

சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளதை எழுதுகிறேன், ஒரு நிமிசம் வேறு மாதிரியும் நினைத்தேன். நேற்று நாலு மணித்தியாலம் எடுத்த வேலை. திரும்பச் செய்தால் சாவி கிடைக்காது, ஸ்னோவுக்குள் மாட்டுப்படுவாள். ரயர் புதிசு மாதிரித்தானே இருக்கிறது, மெல்லமாகப் போகச் சொல்லலாம், அங்கே போன பிறகு ஒரு கராஜில் மாற்றலாம். நேற்று என்னைக் கட்டிப் பிடித்தவளிடம் போய் எந்த வாயால் சொல்வது? இப்படியெல்லாம் ஓடியது. நெற்றியில் திருநீறு, கையில் தேசிக்காய். முன்னால் பிள்ளையின் உயிரைத் தாங்குகிற சில்லு. முருகா, என்னைக் கெட்ட புத்திக்கு விடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

“பிள்ளை, சில்லு நாலையும் பக்கம் மாத்திப் போட்டிட்டன்.”

அவள் புட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடிவந்து குனிந்தாள்.

“அப்பா! அவர் எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னவர். வலம் எண்டுதான் எழுதினனான். வள்ளி பக்கம்.”

“என்ன பக்கம்?”

நான் சுவாமிக்கு வலம், எனக்கு இடக்கை என்று எல்லாம் சொன்னேன். கார் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, எனக்கு எதிரே தெரிந்தது முன்பக்கம் மாதிரி வைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். மனைவி தலையில் கை வைத்தாள்.

“டிரைவர் சைட் எண்டு எழுதினா வெண்கட்டி முடிஞ்சு போயிருமோ?”

மகள் கோபிக்கப் போகிறாள் என்றுதான் நின்றேன். அவள் காரை ஒருக்காச் சுற்றிவந்து டிரைவர் கதவில் கையை வைத்தாள்.

“அப்பா, அதுக்குள்ள இருக்கப்போறது நான். என்ர வலம்தான் வலம். சரியோ?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப ஜக்கை எடுங்கோ.”

மேலே போய்ப் பழைய சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு ஜக்தான் இருந்தது. அதனால் முதலில் கழற்றிய மூலையில் பழைய கோடைச் சில்லொன்றைத் தற்காலிகமாகக் கொழுவி, காரை இறக்கி, மற்றப் பக்கத்தைத் தூக்கவேண்டியிருந்தது. அவள் இதை எவ்வளவு கெதியாகச் செய்தாள் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சில்லைத் தொடையில் தாங்கி, ஒரு கையால் போல்ட்டை நுழைப்பாள். எனக்கு அந்த ஒரு வேலைக்கே நேற்று அரை மணித்தியாலம். ஒவ்வொரு சில்லும் ஏறியதும், “அப்பா, அம்பு எங்க பார்க்குது?” என்று என்னையே கேட்டாள். நான் குனிந்து விரலை வைத்து, “மூக்கைப் பார்க்குது” என்று சொன்ன பிறகுதான் இறுக்கினாள். அது எனக்குத் தண்டனையோ மரியாதையோ தெரியாது. நாலு தரம் சொன்னேன்.

முடிய பதினொன்றரை தாண்டிவிட்டது. மனைவி கற்பூரம் காட்டினாள். பூசை இரண்டு நிமிசத்தில் முடிந்தது. மகள் டோர்க் ரெஞ்சைத் துடைத்துத் தன் பக்கத்துச் சீற்றில் வைத்தாள்.

“அது என்னத்துக்கு?”

“ஐம்பது மைல் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பார்க்கவேணும். நானே பார்க்கிறன். நீங்கள் யோசியாதேங்கோ.”

“மெல்லப் போ பிள்ளை.”

“சாவிக்கார மனுசிக்குப் போன் பண்ணிச் சொல்லுறன். வாறன் அப்பா. வாறன் அம்மா.”

அவள் போன பிறகு மனைவி கறி வைத்தாள். சோறு ஆறியது. நான் சாமி அறையில் இருந்து கந்தர் சஷ்டி கவசத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் நடுவில் விட்டுவிட்டுப் போனைப் பார்த்தேன். ஒன்றரைக்கு ஒரு மெசேஜ் வந்தது: ‘இறுக்கிப் பார்த்தன். ஒண்டும் இளகேல்லை.’ பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மூன்றரைக்கு இங்கேயே வானம் கறுத்தது.

நாலரை தாண்டித்தான் கூப்பிட்டாள்.

“வந்திட்டன். சாவி மனுசி எனக்காக நிண்டவ.”

“ஸ்னோ?”

“கடைசி பத்து மைலும் கொட்டினது. ஒரு ஏத்தத்தில ரெண்டு கார் ஏற ஏலாமல் ஓரமா நிண்டது.”

“நீ?”

“ஒருக்கா வால் கொஞ்சம் அசைஞ்சது அப்பா. பேந்து பிடிச்சிட்டுது. மெல்லமா ஏறி வந்திட்டன்.”

நான் போனோடு சாமி அறைப் பக்கம் திரும்பினேன். மனைவி போனைப் பறித்து, சாப்பிட்டியோ, ஹீற்றர் வேலை செய்யுதோ என்று கேட்கத் தொடங்கினாள். நாளைக்கு எட்டு மணிக்கு முதல் வீடு, மலைக்கு மேலே ஒரு பண்ணை, இரண்டாவது பிள்ளை, தாய் பயந்துபோய் இருக்கிறாளாம் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது.

போனை வைத்த பிறகு மனைவி கறியைச் சூடாக்கினாள். நானும் அவளும் அந்த நேரத்தில்தான் மத்தியானச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டோம்.