விடச் சொல்லாத வேலை

சாரம் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கான சுகாதார மையம் என்று பலகையில் எழுதினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்பதால் இளைஞர் நல மையம் என்று எழுதியிருந்தோம். வேலைவாய்ப்புப் பதிவு இங்கேதானா என்று கேட்டு அவ்வப்போது யாராவது படியேறி வருவார்கள். நான் அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் இந்த வார்த்தையை அரைகுறையாகக் கேட்டு வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, சாக்கடை அடைப்பைப் பற்றி என்னிடம் புகார் சொன்னவர்களும் உண்டு.

அதற்கு முன்பு பல வருடம் குடி மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் இருந்த ஒரே மருந்து ‘விட்டுடு’ என்ற சொல்தான். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு சிலர் மறுபடி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். வராதவர்கள் திருந்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது.

புது வேலைக்கு வந்த கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை மதியம் ஒருவர் வந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் கேக் மாஸ்டர். பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக்கும் குடும்பம். முப்பதைத் தாண்டிய வயது. கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. உட்காராமலே பேசினார்.

“அக்கா, விடச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் கெளம்பிடறேன்.”

“எத?”

“பங்ஷன.”

எனக்குக் கல்யாணம், காதுகுத்துதான் ஞாபகம் வந்தது. அவரே விளக்கினார். வார இறுதியில் வெளியூர் ஆட்கள் ஊருக்கு வெளியே வீடு எடுப்பார்கள். போதைப்பொருள் எடுத்துக்கொண்டு உறவு கொள்வார்கள். சனிக்கிழமை ஆரம்பித்தால் ஞாயிறு முழுக்கத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. சிலர் ஊசியும் போட்டுக்கொள்வார்கள். ஆணுறை ஆரம்பத்தில் இருக்கும், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. இதற்குப் பெயர் பங்ஷன். போனில் அப்படிப் பேசினால் வீட்டில் சந்தேகப்பட மாட்டார்கள்.

“விட முடியுமான்னு எனக்குத் தெரியாது. சாவாம இருக்க இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.”

பயிற்சியில் இதற்கெல்லாம் பதில் சொல்லித்தந்திருந்தார்கள். நானோ, “சாப்டியா?” என்றேன். இல்லை என்றார். கீழே போய் இட்லி வாங்கி வந்தேன். அவர் சாப்பிட்டு முடித்ததும் பேசினோம். எடுக்கும் போதைப்பொருளோடு சாராயம், பீர் எதையும் கலக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும். ஊசியை இன்னொருவரோடு பகிரக் கூடாது. அதற்குப் புது ஊசி கிடைக்கும் இடம் இருக்கிறது. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைத் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாதுகாப்பில்லாமல் ஏதாவது நடந்துவிட்டால் மூன்று நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு மருத்துவமனைக்குப் போனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை தருவார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும். யாராவது சுருண்டு விழுந்தால் விட்டுவிட்டு ஓடக் கூடாது.

“எங்கம்மா மாதிரியே பேசறீங்க” என்றார். அவர் அம்மாவுக்கு இதில் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் வந்தார். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், தனியார் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார், பங்ஷனுக்கும் கூடவே போகிறவர். நான் சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பிப்பாராம். வாத்தியார் சிரிப்பாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அக்கா, வாத்தியாரு எழுந்திரிக்க மாட்டறான். தட்டிப் பாத்தேன், கிள்ளிப் பாத்தேன். கொறட்டை விடறான்.”

“குடிச்சாரா?”

“அது மேலயே குடிச்சிட்டான்க்கா. மத்தவங்கல்லாம் கார எடுத்துகினு போய்ட்டாங்க.”

“ஒருக்களிச்சுப் படுக்க வை. ஆம்புலன்ஸ கூப்புடு. அவர விட்டு நகராத.”

“போலீஸ் வருமா?”

“வரலாம். நீ மொதல்ல கூப்புடு.”

அவர் கூப்பிட்டார். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பணியில் இருந்த பெண் மருத்துவர் கேக் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சாப்பிட்டாரு?”

“மட்டன் பிரியாணி மேடம்.”

“அதோட?”

“தயிர் பச்சடி.”

மருத்துவர் பேனாவை மூடினார். நான் கேக் மாஸ்டர் தோளைத் தொட்டு, “சொல்லிடுப்பா, தெரிஞ்சாதான் காப்பாத்த முடியும்” என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், வாத்தியார் எதன் மேல் எதைக் குடித்தார் என்பது வரை. மருத்துவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டு உள்ளே போனார். என் கையில் மீன் வாடை அடிப்பது அப்போதுதான் தெரிந்தது.

வாத்தியாரின் அப்பா வந்தார். கேக் மாஸ்டரைப் பார்த்து, “நீ யாருப்பா?” என்றார்.

“கூட இருந்த பிரெண்டுங்க.”

“நீயாவது இருந்தியே” என்று சொல்லி டீ வாங்கித் தந்தார். கேக் மாஸ்டர் அந்த டீயைக் குடிக்காமல் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

வாத்தியார் பிழைத்துக்கொண்டார். கண் விழித்து வீட்டுக்குப் போனதும் இவருக்குப் போன் செய்து திட்டினார்.

“டாக்டர்கிட்ட ஏன்டா சொன்ன? செத்திருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்.”

“செத்திருந்தா போஸ்ட்மார்ட்டத்துல தெரிஞ்சிருக்கும்” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இதை என்னிடம் சொன்னபோது ஓவன் கெட்டுப்போனதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

அவர் பங்ஷனை விட்டாரா என்றால், இல்லை. இடைவெளி விழுந்தது. சில மாதம் போகவே மாட்டார், பிறகு போவார், போனதையும் வந்து சொல்வார். போகிற இடத்தில் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் எதையும் தொடாமல் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் இவரேதான் மாமியார். சண்டை போட்டாவது எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைப்பாராம்.

பல மாதம் கழித்து வாத்தியார் தனியாகப் படியேறி வந்தார். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல், “அவன் வராத நாள் எதுன்னு சொல்லுங்க மேடம், அன்னிக்கு வரேன்” என்றார். செவ்வாய் தவிர எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். வியாழக்கிழமை வந்தார். கிருமி எதுவும் இல்லை. கொஞ்ச நாள் வியாழக்கிழமைகளில் வந்து பேசிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பிரெஞ்சில் கிழமைகளைச் சொல்லிக்கொடுப்பவர், நாள் தெரியாமல் வந்திருக்க முடியாது. கேக் மாஸ்டர் பெஞ்சின் ஒரு முனையில் இருந்தார். இவர் மறுமுனையில் உட்கார்ந்தார். நான் அலமாரியைத் திறந்து, தேட ஒன்றும் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

“ஒடம்பு எப்டிகீது?” என்றார் கேக் மாஸ்டர்.

“பரவால்ல.”

“ஸ்கூலு?”

“லீவு வுட்டாச்சி.”

அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. எழுந்தும் போகவில்லை.