ஏழு மீட்டர் நகர்ந்த ரயில்

மெழுகக்காவை ரயிலில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பதினோரு வருஷமாகச் செயற்கைப் பல் பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார்கள். அந்தத் தாடையில் மெழுகை வைத்து, கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் செதுக்கிக் கொண்டுவருவது இவள் பொறுப்பு. இவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவர் மாமனார் வீட்டு மரக்கதவைக் கடித்தே திறந்தார் என்று சொல்வார்கள். கடித்ததை நான் பார்க்கவில்லை. கதவைப் பார்த்திருக்கிறேன்.

காலை ஏழு இருபதுக்கு அவள் ஊரில் பாசஞ்சர் வண்டி. பிளாட்பாரம் சின்னது என்பதால் ஆறு பெட்டியில் கடைசி இரண்டின் கதவுகள்தான் அங்கே திறக்கும். ஆகவே ஊர் முழுக்க அந்த இரண்டில் ஏறும். எள் போட இடம் இருக்காது. பட்டறை இருக்கும் ஸ்டேஷனுக்கு எட்டு நாற்பதுக்கு வரவேண்டும். அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும். முதலில் ஒரு எக்ஸ்பிரஸ் போகும். அதன் பின்னால் சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ். அதன் பின்னால் யாருமே போகமாட்டார்கள், ஆனாலும் நிற்கும். ஒருநாள் ஜன்னல் மூலையில் ஒரு சிலந்தி வலை பின்னி, குடித்தனம் நடத்தி, பிள்ளைகளை எல்லாம் கரையேற்றியும் விட்டது. சிக்னல் சிவப்பிலேயே இருந்தது.

முன்பெல்லாம் அங்கே வண்டி நின்றால் குதித்து நடந்துவிடுவார்கள். இப்போது புது வண்டி. கதவுகள் தாமாகத் திறக்கும், தாமாக மூடும். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் எத்தனை கெஞ்சினாலும் திறக்காது. ஜன்னல் ஒரே கண்ணாடி, அதையும் திறக்க முடியாது.

கொடுமை என்னவென்றால், பல் பட்டறை அந்த இடத்தில்தான் இருக்கிறது. தண்டவாளம், ஒரு சாக்கடை, ஒரு கம்பிவேலி, அப்புறம் பட்டறையின் பின்சுவர். இரண்டாம் மாடி ஜன்னலோரம் மெழுகக்காவின் மேஜை. ரயிலுக்குள் அடைபட்டுக்கொண்டு தன் காலி நாற்காலியைத் தானே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பதடித்ததும் முதலாளி வந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பதும் தெரியும். அவர் தலையாட்டுவதும் தெரியும்.

ஒன்பதுக்கு மேல் வந்தால் வருகைப் பதிவில் சிவப்புப் புள்ளி. மாதத்தில் ஐந்து சிவப்பு விழுந்தால் மறுமாதத்திலிருந்து மாலை ஷிப்ட்: மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. மெழுகக்காவின் ஊருக்குப் பத்து ஐம்பதுக்கு ஒரு கடைசி வண்டி இருந்தது. கூட்டம் போதவில்லை என்று அதைத் தற்காலிகமாக நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கடைசி வண்டி ஏழு ஐம்பது. வீட்டுக்காரர் கப்பலில் சமையல். பத்து மாதத்துக்கு ஒருமுறை கரையேறுகிறவர். எட்டு வயதுப் பெண் பள்ளி விட்டு வந்து எதிர்வீட்டில் ஏழரை வரை இருப்பாள். மாலை ஷிப்ட் என்றால் வேலையை விடவேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை.

சீக்கிரம் கிளம்பக்கூடாதா என்பார்கள். ஆறு பத்துக்கு ஒரு வண்டி உண்டு, அட்டவணையில். ஓட்ட ஆளில்லை என்று வாரத்தில் நாலு நாள் வராது. பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறி, இரண்டரை மணி நேரம்.

அந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நாலு சிவப்பு. மெழுகக்கா ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனாள்.

"சார், வண்டி லேட்டுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. முதலாளிகிட்ட காட்டணும்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "வண்டி லேட் இல்லையேம்மா."

"எட்டு நாப்பதுக்கு வரவேண்டியது ஒம்போதேகாலுக்கு வந்திருக்கு. அதுக்குப் பேரு என்ன சார்?"

"கடைசி ஸ்டேஷனுக்கு ஒம்போது முப்பத்தஞ்சுக்குப் போகணும். ஒம்போதரைக்கே போயிடுச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி!" அவர் முகத்தில் பெருமை.

"இங்கேருந்து கடைசி ஸ்டேஷன் பன்னண்டு நிமிஷம் சார். அதுக்கு அட்டவணையில ஐம்பத்தஞ்சு நிமிஷம் போட்டு வச்சிருக்கீங்க. நடந்தாக்கூட முன்னாடியே போயிடலாம்."

"வண்டி நேரத்துக்குப் போகுதான்னு கடைசி ஸ்டேஷன்லதாம்மா கணக்கு பார்ப்பாங்க."

"நான் இங்க இறங்கறேனே சார்."

"அப்ப நீங்களும் கடைசி ஸ்டேஷன்லயே இறங்குங்க. லேட்டே ஆகாது."

இதைப் போய் முதலாளியிடம் சொன்னால், அவர் அதைவிடக் கெட்டிக்காரர். "ரயில் நேரத்துக்கு வந்துச்சுன்னு ரயில்காரனே சொல்றான். அதுல வந்த நீ மட்டும் எப்படிம்மா லேட்?"

பக்கத்து மேஜைக்காரி குறுக்கே புகுந்தாள். வாய் மூடாதவள் என்பதால் பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "முதலாளி, போன வாரம் நான் எட்டு அம்பதுக்கே வந்தேன். உங்க ஆப்தான் சிவப்பு போட்டுச்சு."

"ஆப் பொய் சொல்லாது," என்றார் முதலாளி. ஊரிலேயே முதல் ஆளாக வாங்கியது என்று அதைச் சொந்தப் பிள்ளையைப் போலப் பேசுவார். ஒவ்வொருவர் போனிலும் அது உண்டு. பட்டறையிலிருந்து அறுபது மீட்டருக்குள் வந்தால் ஒரு பொத்தான் பச்சையாகும். அழுத்தினால் வந்ததாகக் கணக்கு. "மனுஷன் பொய் சொல்வான். ரயில் பொய் சொல்லும். அது சொல்லாது. அதுல பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு."

மாதத்தின் கடைசி வேலைநாள். எட்டு முப்பத்தெட்டுக்கு வண்டி வழக்கமான இடத்தில் ஒதுங்கி நின்றது. எட்டு ஐம்பதுக்கும் நின்றது. மெழுகக்கா கம்பியைப் பிடித்தபடி பட்டறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, அஞ்சாவதா?"

"அஞ்சாவதுதான். அதோ என் நாற்காலி. போய் உட்கார முடியுதா பாரு. கூண்டுல இருக்கற கிளிக்காவது யாராவது கதவைத் திறந்து தீனி போடுவாங்க."

"அந்த ஆப் எத்தனை தூரத்துலக்கா வேலை செய்யும்?"

"அறுபது மீட்டர்."

"இங்கேருந்து எவ்வளவு காட்டுது?"

மெழுகக்காவுக்கு இதுவரை தோன்றாத கேள்வி. போனைத் திறந்தாள். "நீங்கள் பணியிடத்திலிருந்து 187 மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள்" என்றது.

நர்ஸ் பட்டறையைப் பார்த்தாள், வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். "முன்னாடி பெட்டி அந்தச் சுவருக்குக் கிட்டதான் நிக்குது. வாக்கா!"

ஒன்பதடிக்க ஒன்பது நிமிஷம். ஆறாவது பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்கு அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போவது என்றால், பற்பசை டியூபுக்குள் திரும்ப நுழைவது மாதிரி. நர்ஸ் முன்னால் போனாள். "வழி விடுங்க, எமர்ஜென்சி!" என்று கத்தினாள். சீருடையைப் பார்த்து ஜனம் ஒதுங்கியது. "யாருக்கு என்ன ஆச்சு?" "இந்தக்காவுக்கு வேலை போகப்போகுது." "அதுக்கா எமர்ஜென்சி?" "உங்களுக்குப் போனா தெரியும்."

அவ்வளவுதான், சேதி இவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. நாலாவது பெட்டிக்குள் நுழையும்போதே, "எவ்வளவு இப்போ?" என்றார்கள். "நூத்தி முப்பத்தொண்ணு." "கால் மிதிச்சாப் பரவாயில்ல, போம்மா!" மூன்றாவதில் ஒருவர் மடியிலிருந்த சூட்கேஸைத் தலைமேல் தூக்கிக்கொண்டு எழுந்தார். இரண்டாவதில் நூறுக்குக் கீழே இறங்கியதும் கைதட்டினார்கள். இரண்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்த ஜனங்கள்.

முதல் பெட்டியின் கோடியில், ஓட்டுநர் அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு மெழுகக்கா நின்றாள். மணி எட்டு ஐம்பத்தாறு. போன் காட்டியது: 67. பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

கையை நீட்டிப் பார்த்தாள். 67. தலைக்குமேல் தூக்கிப் பார்த்தாள். 67. நர்ஸ் ஓட்டுநர் கதவைத் தட்டினாள். கதவின் சின்னக் கண்ணாடியில் ஒரு களைத்த மீசை தெரிந்தது. கதவிடுக்கு வழியாகப் பேசினார்கள்.

"உள்ள யாரும் வரக்கூடாதும்மா."

"நாங்க வரலீங்க. இந்த போனை மட்டும் முன்னாடி ஜன்னல்ல கொஞ்சம் நீட்டி, பச்சையானதும் ஒரு அமுக்கு."

"டூட்டியில போனைத் தொட்டா எனக்கு வேலை போயிடும். அவங்க வேலைக்கு என் வேலையா?"

மெழுகக்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எதிரே பட்டறை ஜன்னல் கிட்டத்தில் தெரிந்தது. மேஜைமேல் நேற்று பாதியில் விட்ட தாடை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"ஏழு மீட்டர் சார்," என்றாள், ஓட்டுநரிடமா கதவிடமா தெரியவில்லை. "பதினோரு வருஷம் வந்துட்டேன். இந்த ஏழு மீட்டர் வரமுடியல."

உள்ளிருந்தவர் முன்ஜன்னல் வழியே சிக்னலை எட்டிப் பார்த்தார். பிறகு மீசை பேசியது. "சிக்னல் கம்பத்துக்கு முன்னாடி இன்னும் பத்துப் பன்னண்டு மீட்டர் இருக்கு. சிவப்பைத் தாண்டினாதான் தப்பு. கிட்டப் போய் நிக்கறதைத் தப்புன்னு எந்தப் புஸ்தகமும் சொல்லல."

அறுநூறு பேர், ஆறு பெட்டி, எத்தனையோ டன் இரும்பு; எல்லாம் ஒரு முக்கல் முக்கிக்கொண்டு நகர்ந்தன. பின்பெட்டிகளில் வண்டி கிளம்பிவிட்டது என்று ஆனந்தக் கூச்சல். முதல் பெட்டியில் எல்லார் கண்ணும் அந்த போனில். 66. 64. 61. மறுபடி 62. அட சனியனே என்றது ஒரு குரல். 60. பொத்தான் பச்சையானது. மெழுகக்கா கட்டை விரலால் அழுத்திய அழுத்தில் போன் மறுபக்கம் வீங்கிவிட்டது என்பார்கள். எட்டு ஐம்பத்தொன்பது. வருகை பதிவாகிவிட்டது.

வண்டி நின்றது. கதவுகள் திறக்கவில்லை. எக்ஸ்பிரஸ் போயிற்று, கூட்ஸ் போயிற்று, யாரும் போகாத நேரமும் போயிற்று. ஒன்பது இருபத்தெட்டுக்கு அவள் பட்டறை மாடிப்படி ஏறினாள்.

அதற்குள் முதலாளி அவளைத் தேடி அலுத்திருந்தார். ஆப்பில் பச்சை, நாற்காலியில் ஆளில்லை. பிளாஸ்டர் அறை, கழிவறை எல்லாம் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாராம்.

"எங்க இருந்தே?"

"ரயில்ல முதலாளி." பொய் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை.

"ரயில்ல இருந்துக்கிட்டு இங்க வந்ததா அமுக்கினியா? அப்ப இது செல்லாது!"

ரேடியோ கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "செல்லாதா? அப்ப ஆப் தப்பாவும் சொல்லுமா முதலாளி? அப்ப என்னோட மூணு சிவப்பு? பாலிஷ்காரரோட அஞ்சு? அவரை மாலை ஷிப்டுக்கு அனுப்பினீங்களே?"

பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள். அவர் மெழுகக்காவைப் பார்த்தார். ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வியாபாரம் செய்கிறவர் அப்படிப் பார்க்கக்கூடாது, யாருக்காவது ஆபத்து.

"சரி. பச்சைன்னா பச்சைதான்," என்றார். "மாலை ஷிப்ட் கிடையாது." மெழுகக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் முடிக்கவில்லை. "ஆனா எட்டு அம்பத்தொம்போதுலேருந்து நீ வேலையில இருக்கே. ஆப்பே சொல்லுது. அந்த அரை மணி நேர வேலை எங்க?"

மறுவாரம் ஒரு தகரப் பெட்டி கொடுத்தார். உள்ளே மெழுகுக் கட்டிகள், செதுக்கும் கத்தி, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி. காலைக்கு இரண்டு கடைவாய்ப் பல். ஒன்று கெட்டால் மாலையில் போகுமுன் இன்னொன்று செய்துகொடுக்க வேண்டும். அப்புறம் ஆறுமணி வண்டி நிச்சயமில்லை.

இப்போது ஒதுங்கி நிற்கும் வண்டியின் முதல் பெட்டியில், ஓட்டுநர் கதவோரம் அவளுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே யார் நின்றிருந்தாலும் அவள் வந்ததும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஒதுங்கும் போதெல்லாம் ஓட்டுநர் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிறுத்துவார். பச்சை பார்த்து அமுக்கிவிட்டு, மெழுகக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிடுவாள். வண்டி நகர்ந்தால் கை ஆடும். கை ஆடினால் பல் போச்சு.

போன செவ்வாய்க்கிழமை என்ன தோன்றியதோ ரயில்வேக்கு, எட்டு ஐம்பத்தேழுக்கே சிக்னல் பச்சையானது. பெட்டி முழுக்கக் கைதட்டல், விசில். நர்ஸ் சந்தோஷத்தில் மெழுகக்காவின் தோளைக் குலுக்கப் போனாள்.

"தொடாதே!" என்றாள் மெழுகக்கா, தலை நிமிராமல். இடது கையால் ஓட்டுநர் கதவைப் படபடவென்று தட்டினாள். "சார், சார், கொஞ்சம் நில்லுங்க. இன்னும் ஒரு பள்ளம் பாக்கி இருக்கு."