காளிகாட் டீக்கடையில் நேரலை

மாலை ஐந்தரை. காளிகாட் மெட்ரோ படியேறி வந்ததும், "ஒரு டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார் அத்தான். என் அக்காவின் கணவர். மத்திய அரசு அதிகாரி. பதினோரு வருஷமாக இந்தத் தெருவில்தான் குடியிருப்பு, இந்த டீக்கடை பெஞ்சில்தான் அரட்டை. மண் குவளை டீ பத்து ரூபாய். அரட்டைக்குக் காசில்லை.

அன்று பெஞ்சைச் சுற்றி ஒரே வெளிச்சம். உள்ளூர்ச் செய்திச் சேனல் ஒன்று தேர்தல் விவாதத்தை நேரலையாக நடத்திக்கொண்டிருந்தது. அத்தானின் கூட்டாளிகள் தபன் தாவும் ஷ்யாமல் தாவும் ஆளுக்கொரு கட்சி. ('தா' என்றால் அண்ணன்.) கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள்.

"கைகலப்பு ஆயிடுமோ அத்தான்?"

"தினமும் இதே சத்தம்தான். நீ உட்காரு."

உட்கார்ந்ததுதான் தப்பு. மைக் சட்டென்று அத்தானிடம் வந்துவிட்டது. அங்கே பேசியதையெல்லாம் அவர் பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். கேள்வி இது: "நீங்க தெற்கத்திக்காரர்தானே? உங்க ஓட்டு யாருக்கு?"

அரசு ஊழியர் டிவியில் கட்சி அரசியல் பேசினால் சார்ஜ் மெமோதான். பதவி உயர்வுப் பட்டியல் வேறு வரவிருந்தது. ஆனால் அந்த பெஞ்சில் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லியே தீரவேண்டும் என்பது பதினோரு வருஷப் பழக்கம். மனுஷன் வாயைத் திறந்தேவிட்டார்.

தபன் தா குறுக்கே வந்தார். "அவருக்கு பாங்ளா தெரியாது."

நிருபர் இந்திக்கு மாறினார்.

"இந்தியும் தெரியாது" என்றபடி ஷ்யாமல் தா அத்தானை மறைத்து நின்றுகொண்டார். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று மறுபடி சண்டையைத் தொடங்கினார்கள். மைக் அவர்களிடமே போய்விட்டது.

அக்கா எல்லாவற்றையும் டிவியில் பார்த்திருந்தாள். அத்தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரிந்தும் அழுதிருந்தாள். "அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்றவள், மறுநாள் விடியுமுன்பே இட்லி ஊற்றினாள்.

காலை எட்டு மணி. ஊர் திரும்ப ஹவுரா ரயில் நிலையத்துக்குக் கிளம்பும் வழியில் இட்லி டப்பாவை அவர்களிடம் நான்தான் கொடுத்தேன். கடை டிவியில் நேற்றைய கத்தல் திரும்பத் திரும்ப ஓடியது. கீழே ஓடிய சிவப்புப் பட்டையை அத்தான் வாசித்துக் காட்டினார்: 'காளிகாட்டில் மோதல்.' அந்த டிவிக்கு அடியில் அதே இருவரும் ஒரே டப்பாவிலிருந்து மிளகாய்ப்பொடி இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். கை கூப்பினேன். வேறென்ன செய்ய, பாஷை தெரியாதே.

பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியை மட்டும் பார்த்திருந்தால், 'அந்த ரவுடிகளுக்கு நடுவுல இருக்காதீங்க, மாற்றல் வாங்கிட்டு வந்துருங்க' என்று அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டிருப்பேன்.